ஒன்றாம் வகுப்புப் பிள்ளையும் வீட்டுப் படிப்பும்: வடசென்னைப் பெற்றோருக்கு ஒரு வழிகாட்டி

ஜூன் மாதம் பிள்ளையை ஒன்றாம் வகுப்பில் சேர்த்துவிட்டு வரும் பெற்றோர், ஜூலை பிறப்பதற்குள் ஒரே கேள்வியோடு அலையத் தொடங்குகிறார்கள்: வீட்டில் நாங்கள் என்ன சொல்லிக்கொடுக்க வேண்டும்? பக்கத்து வீட்டில் ஒரு பதில் கிடைக்கும், டியூஷன் எடுப்பவரிடம் வேறொரு பதில், யூடியூபில் நூறு பதில். என் மகள் ஒன்றாம் வகுப்புப் படித்த ஆண்டில் இந்தப் பதில்களுக்கு நடுவே திண்டாடித் தேறியதை இங்கே வரிசைப்படுத்தியிருக்கிறேன். நாங்கள் தண்டையார்பேட்டையில் இருக்கிறோம். கணவருக்குத் துறைமுகத்தில் ஷிப்ட் வேலை, எனக்கு மருந்துக் கடையில் வேலை. தினமும் இரண்டு மணி நேரம் பிள்ளையோடு உட்காரக்கூடிய வீடு எங்களுடையது அல்ல. உங்கள் வீடும் அப்படித்தான் என்றால் இது உங்களுக்கு உதவும்.

மாநிலப் பாடத்திட்டத்தில் நடக்கும் மாநகராட்சிப் பள்ளிகளையும் அரசு உதவி பெறும் பள்ளிகளையும் மனத்தில் வைத்து எழுதுகிறேன். தனியார் பள்ளியில் புத்தகம் மாறலாம். எழுத்து, வாசிப்பு, கணக்கு பற்றிச் சொல்பவை அங்கேயும் பொருந்தும்.

1. காகித வேலையை ஜூனிலேயே முடியுங்கள்

படிப்புக்கும் காகிதத்துக்கும் என்ன தொடர்பு என்று கேட்காதீர்கள். ஆண்டு நடுவில் ஆதாருக்காக விடுப்பு எடுத்தால் அன்றைய பாடம் போய்விடும்.

கையில் இருக்க வேண்டியவை: பிறப்புச் சான்றிதழ், பிள்ளையின் ஆதார், குடும்ப அட்டை நகல், பாஸ்போர்ட் அளவுப் புகைப்படங்கள். சென்னை மாநகராட்சியில் பதிவான பிறப்புச் சான்றிதழை மாநகராட்சி இணையதளத்திலேயே கட்டணமின்றி இறக்கிக்கொள்ளலாம். அதில் பிள்ளையின் பெயர் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். மருத்துவமனையில் பதிவு செய்தபோது பெயர் வைத்திருக்க மாட்டோம். அந்தக் கட்டம் பல வீடுகளில் இன்னும் வெறுமையாகவே கிடக்கிறது. ஓராண்டு கடந்திருந்தால் தாமதக் கட்டணம் கட்டிப் பெயரைச் சேர்க்க வேண்டியிருக்கும்.

கைக்குழந்தையாக இருந்தபோது எடுத்த ஆதாரில் விரல்ரேகையும் கருவிழியும் பதிவாகியிருக்காது. 5 வயது முடிந்ததும் அவற்றைப் பதிய வேண்டும். 5 முதல் 7 வயதுக்குள் செய்தால் கட்டணம் இல்லை. அஞ்சலகங்களிலும் இ-சேவை மையங்களிலும் செய்கிறார்கள். பள்ளியிலேயே முகாம் போடுவதும் உண்டு. முகாம் வருமா என்று தலைமையாசிரியரிடம் கேட்டுவிட்டுப் பிறகு வெளியே அலையுங்கள்.

எழுத்துப்பிழைதான் இங்கே பெரிய கண்ணி. பிறப்புச் சான்றிதழில் ஒரு மாதிரியும் ஆதாரில் வேறு மாதிரியும் பெயர் இருந்தால் இப்போதே திருத்திவிடுங்கள். பள்ளிப் பதிவேட்டில் இன்று ஏறும் பெயர்தான் பத்தாம் வகுப்புச் சான்றிதழ் வரைக்கும் கூடவே வரும். முதலெழுத்து முன்னாலா பின்னாலா என்பதிலும் ஒரே முறையைப் பின்பற்றுங்கள்.

பள்ளியில் கொடுக்கும் கைபேசி எண் விஷயத்திலும் கவனம் தேவை. பெரும்பாலும் அப்பாவின் எண்ணைக் கொடுத்துவிடுகிறோம். அவர் பகல் முழுக்க வேலையில் இருப்பார். நாளைக்கு என்ன கொண்டுவர வேண்டும் என்று வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் வந்த செய்தி இரவு பத்து மணிக்குத்தான் வீட்டுக்குத் தெரியும். மாலையில் பிள்ளையோடு இருப்பவரின் எண்ணைக் கொடுங்கள். எண் மாறினால் அன்றே தெரிவியுங்கள்.

2. வகுப்பில் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்

ஓர் ஆண்டு மூன்று பருவங்களாகப் பிரிந்திருக்கிறது: ஜூன் முதல் செப்டம்பர் வரை, அக்டோபர் முதல் டிசம்பர் வரை, ஜனவரி முதல் ஏப்ரல் வரை. ஒவ்வொரு பருவத்துக்கும் தனிப் புத்தகங்கள். ஒன்றில் தமிழும் ஆங்கிலமும் இருக்கும், இன்னொன்றில் கணக்கும் சூழ்நிலையியலும். பருவம் முடிந்ததும் பழைய புத்தகத்தைப் பையிலிருந்து எடுத்துவிடலாம், எறிந்துவிடக் கூடாது.

அரசுப் பள்ளிகளில் 1 முதல் 3ஆம் வகுப்பு வரை 2022 முதல் ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் நடக்கிறது. பாடல், கதை, அட்டை, விளையாட்டு என்று வகுப்பு போகும். அதற்கென்று பயிற்சி நூல் தனியாக உண்டு. பிள்ளைகளை அவரவர் இருக்கும் நிலையைப் பார்த்து அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்துக்கொள்கிறார்கள். இந்த மூன்று சொற்களும் பெற்றோர் வாயில் விழுந்ததும் ரேங்க் பட்டியலாக மாறிவிடுகின்றன. ‘பக்கத்து வீட்டுப் பிள்ளை மலர், நம் பிள்ளை அரும்பா?’ என்ற பேச்சைப் பிள்ளையின் காதுபட எடுக்காதீர்கள். எங்கிருந்து தொடங்குவது என்று ஆசிரியருக்குக் காட்டும் அடையாளம் அது; பிள்ளை நகர நகர அதுவும் மாறும்.

அரசுப் பள்ளியிலும் உதவி பெறும் பள்ளியிலும் பாடநூலுக்குப் பணம் கிடையாது. புத்தகம் தொலைந்தாலோ நனைந்தாலோ தமிழ்நாடு பாடநூல் கழகத்தின் இணையதளத்தில் முழுப் புத்தகத்தையும் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். அச்சுப் பிரதிதான் வேண்டும் என்றால் நுங்கம்பாக்கம் கல்லூரிச் சாலையில் உள்ள கல்வி வளாகத்துக்குப் போக வேண்டும். தேவையான நாலு பக்கத்தை மட்டும் தெருமுனைக் கடையில் பிரதி எடுப்பது அதைவிட எளிது.

முதல் மாதத்திலேயே ஆசிரியரை ஒருமுறை பாருங்கள். காலையில் வாசலில் மறிக்காதீர்கள். முப்பது பிள்ளைகள் உள்ளே போய்க்கொண்டிருக்கும் நேரத்தில் அவரால் எதையும் சொல்ல முடியாது. மாலையில் பள்ளி விட்ட பிறகோ, பெற்றோர் கூட்டத்தன்றோ பேசலாம். கேட்க வேண்டியவை மூன்று. எழுத்துகளை எந்த வரிசையில் சொல்லிக்கொடுக்கிறீர்கள்? இப்போது எந்த எழுத்தில், எந்த எண்ணில் இருக்கிறீர்கள்? என் பிள்ளை எதைச் செய்யத் தயங்குகிறது? ‘நன்றாகப் படிக்கிறதா?’ என்று மட்டும் கேட்டால் ‘படிக்கிறது’ என்ற பதிலோடு வீடு திரும்புவீர்கள்.

3. மாலையில் அரை மணி நேரம் போதும்

பள்ளி விட்டு நாலு, நாலரை மணிக்கு வரும் பிள்ளைக்கு முதலில் பசிக்கும், அதன் பிறகு ஓட வேண்டும். தின்பதற்குக் கொடுத்து ஒரு மணி நேரமாவது வெளியே விடுங்கள். ஆறரைக்கு மேல் அரை மணி நேரம் உட்கார வையுங்கள். அதற்கு மேல் நீட்டினால் கண் புத்தகத்தில் இருக்கும், மனம் எங்கேயோ இருக்கும்.

அந்த அரை மணியை நான் இப்படிப் பிரித்துக்கொண்டேன்: இன்று வகுப்பில் நடந்ததைப் பேசுவதற்குக் கொஞ்சம், வாசிப்புக்குப் பாதி நேரம், எண்ணிக்கை விளையாட்டுக்குக் கொஞ்சம். எழுதுவதற்கு மிகக் குறைவு. ‘இன்று என்ன படித்தாய்?’ என்று கேட்டால் ‘ஒன்றும் இல்லை’ என்றுதான் சொல்லும். ‘டீச்சர் இன்று என்ன பாட்டுப் பாடினார்? பக்கத்தில் யார் உட்கார்ந்தார்கள்?’ என்று கேளுங்கள்; அதிலிருந்து வகுப்பே வெளியே வரும்.

ஒற்றை அறை வீட்டில் டிவி ஓடிக்கொண்டிருந்தால் இதெல்லாம் நடக்காது. சீரியல் பார்க்கும் மாமியாரிடம் இதைப் பேசி முடிவு செய்வது உங்கள் சாமர்த்தியம். அந்த அரை மணிக்குப் பாட்டியையே கதை சொல்ல உட்கார வைத்துவிட்டால் இரண்டு காரியம் முடியும். மாடியில் வெளிச்சம் இருந்தால் மாடி, இல்லையென்றால் வாசற்படி. மேசை நாற்காலி வாங்க வேண்டிய அவசியம் இல்லை.

காசிமேட்டில் விடியும் முன்பே மீன் ஏலத்துக்குப் போகிறவர்களுக்கு மாலையில் கண் சொக்கும். அந்த வீடுகளில் இந்த அரை மணியை அண்ணனோ அக்காவோ எடுத்துக்கொள்ளட்டும். ஐந்தாம் வகுப்புப் பிள்ளை ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு நன்றாகவே வாசித்துக் காட்டும். அடிக்காமல் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்பதை மட்டும் உறுதி செய்துகொள்ளுங்கள்.

தூக்கத்தைக் குறைக்கக் கூடாது. இந்த வயதில் இரவில் 9 மணி நேரத்துக்குக் குறையாமல் தூங்க வேண்டும். காலை ஆறரைக்கு எழ வேண்டிய பிள்ளை ஒன்பதரைக்கெல்லாம் படுத்திருக்க வேண்டும் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

4. தமிழ் வாசிப்பு

வீட்டு உதவி அதிகம் பலன் தருவது இதில்தான். குழப்பம் அதிகம் நடப்பதும் இதில்தான்.

வகுப்பில் போகும் வரிசையிலேயே வீட்டிலும் போங்கள். அ, ஆ, இ, ஈ என்று தொடங்கி 247 எழுத்தையும் ஒப்பிக்க வைத்துவிட்டுத்தான் சொல்லுக்கு வர வேண்டும் என்று தாத்தா சொல்வார். ஒப்பிக்கத் தெரிந்த பிள்ளைக்கு வாசிக்கத் தெரியும் என்று நம்பிவிடாதீர்கள். பட்டியலை வரிசையாகச் சொல்லும் பிள்ளையிடம் நடுவில் ஓர் எழுத்தைக் காட்டிக் கேளுங்கள். முதலிலிருந்து முணுமுணுத்துக்கொண்டே அந்த எழுத்து வரைக்கும் வரும். ட, ப, ம, ய போன்ற எளிய வடிவங்கள் நாலைந்து தெரிந்ததுமே படம், பட்டம் என்று சொல்லாகக் கோத்துவிடலாம். சொல்லை வாசித்துவிட்டோம் என்ற மகிழ்ச்சி அடுத்த எழுத்துக்கு இழுத்துக்கொண்டு போகும்.

அட்டைகள் வாங்கக் காசு செலவழிக்காதீர்கள். கிழித்துப் போடும் நாள்காட்டித் தாளின் பின்பக்கம் வெள்ளையாக இருக்கிறது. அதில் ஸ்கெட்ச் பேனாவால் பெரிதாக ஓர் எழுத்து எழுதினால் ஓர் அட்டை. துணைக்கால், ஒற்றைக்கொம்பு, இரட்டைக்கொம்பு ஆகியவற்றைத் தனித்தனிச் சிறு தாள்களில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். இவை எதற்கு என்று சொல்கிறேன்.

‘கா’ வரைக்கும் பிள்ளைக்குச் சிக்கல் இல்லை. இடமிருந்து வலமாகப் பார்க்கிறது, எழுத்துக்குப் பிறகு கால் வருகிறது, ஒலி நீள்கிறது. ‘கெ’, ‘கே’ வந்ததும் தடுக்கி விழும். கொம்பு முன்னால் நிற்கிறது, ஆனால் அதன் ஒலி பின்னால் வருகிறது. ‘கோ’ இன்னும் மோசம்: முன்னால் ஒரு கொம்பு, பின்னால் ஒரு கால், நடுவில் மாட்டிக்கொண்ட எழுத்து. பிள்ளை அதைக் ‘கே’ என்று தொடங்கிவிட்டு, காலைப் பார்த்ததும் விழிக்கும். இதை அடம் என்றோ மந்தம் என்றோ எடுத்துக்கொள்ளாதீர்கள். க என்ற தாளை நடுவில் வையுங்கள். கொம்புத் தாளை முன்னால் கொண்டுவந்து வைத்து ‘கே’ என்று சொல்லுங்கள். காலைப் பின்னால் வைத்ததும் ‘கோ’ ஆக்குங்கள். பிறகு பிள்ளையே நகர்த்தட்டும். இரண்டு வாரம் இதையே விளையாட்டாகச் செய்தால் பிடிபட்டுவிடும். பிடிபடவில்லை என்றால் ஒரு மாதம் விட்டுவிட்டுத் திரும்பத் தொடங்குங்கள்.

வாசிக்க வெளியே எவ்வளவோ இருக்கிறது. மெட்ரோவில் போனால் ‘தேரடி’ என்ற பலகையில் இரட்டைக்கொம்பு இருக்கிறது. ‘காலடிப்பேட்டை’யில் கால், கொம்பு, ஐகாரம் மூன்றும் ஒரே சொல்லில் கிடைக்கின்றன. கடைப் பலகை, ரேஷன் கடைச் சுவர், பால் பாக்கெட், பஸ்ஸின் நெற்றி, எதையும் விடாதீர்கள். முழுப் பலகையையும் வாசிக்கச் சொல்லாமல், ‘இதில் ம எங்கே இருக்கிறது?’ என்று தேடச் சொல்லுங்கள்.

ன, ண இரண்டையும் சுழி எண்ணிப் பிரிக்கச் சொல்லலாம்: இரண்டு சுழி, மூன்று சுழி. ர, ற குழப்பமும் ல, ள, ழ குழப்பமும் ஒன்றாம் வகுப்பில் தீராது, தீர்க்கவும் வேண்டாம். நம் பகுதிப் பேச்சில் ‘ழ’ பெரும்பாலும் ‘ள’வாகவோ ‘ய’வாகவோ ஒலிக்கிறது. பிள்ளை கேட்டு வளர்ந்த ஒலி அது. பேசும்போது இடைமறித்துத் திருத்திக்கொண்டிருந்தால் பேச்சே நின்றுவிடும். புத்தகத்தை வாசிக்கும்போது மட்டும் நாக்கை மடித்து நீங்கள் சொல்லிக் காட்டுங்கள். பாடமாக நடத்த வேண்டாம்.

வீட்டில் தெலுங்கோ உருதோ பேசுகிறவர்கள் வடசென்னையில் ஏராளம். தமிழில் பின்தங்கிவிடும் என்று பயந்து வீட்டு மொழியை நிறுத்திவிடாதீர்கள். கதையை உங்கள் மொழியிலேயே சொல்லுங்கள். கதை கேட்டுப் பழகிய பிள்ளைக்கு வகுப்பில் தமிழ்க் கதை கேட்க உட்காரும் பொறுமை ஏற்கெனவே இருக்கும். தமிழ்ச் சொற்களைத் தெரு சொல்லிக்கொடுத்துவிடும்.

கதைப் புத்தகத்துக்கு மாதம் நூறு ரூபாய்க்கு மேல் தேவைப்படாது. நேஷனல் புக் டிரஸ்ட், துளிகா போன்ற பதிப்பகங்களின் படக்கதைகள் சிறியவை, எழுத்தும் பெரிது. பிரதம் புக்ஸின் ‘ஸ்டோரிவீவர்’ தளத்தில் தமிழ்ப் படக்கதைகள் இலவசமாகவே கிடைக்கின்றன. அருகில் உள்ள கிளை நூலகத்தில் உறுப்பினர் ஆவதற்குச் சிறு தொகைதான் ஆகும். ஆதார் நகலோடு போங்கள். ஒரே கதையைத் திரும்பத் திரும்பக் கேட்டால் சலித்துக்கொள்ளாமல் வாசியுங்கள். நாலாவது முறை நீங்கள் ஒரு சொல்லை விட்டுவிட்டால் பிள்ளை பிடித்துவிடும். அந்தச் சொல்லின் மேல் விரல் வைத்துக் காட்டுவதற்கு அதைவிட நல்ல நேரம் கிடையாது.

5. எழுத்து வேலை

‘பத்து முறை எழுது’, ‘ஒரு பக்கம் எழுது’ என்று உட்கார வைப்பதுதான் நம் ஊரில் படிப்பு என்று பெயர் பெற்றிருக்கிறது. முதல் மூன்று தடவை எழுத்து எழுத்தாக இருக்கும். ஏழாவது தடவை சுழி காணாமல் போகும். பத்தாவது தடவை அது வேறு எழுத்தாகிவிடும். தப்பான வடிவத்தைக் கைக்குப் பழக்கிவிடும் வேலை அது. மூன்று தடவை, ஒவ்வொன்றும் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று நீங்கள் பக்கத்தில் இருந்து பார்த்தால் போதும்.

சிலேட்டு இன்னும் பயனுள்ள பொருள். அழித்துவிடலாம் என்பதால் பிள்ளை பயப்படாமல் எழுதும். பலப்பத்தை வாயில் வைக்கிறதா என்று கவனியுங்கள். பலப்பம், சாக்பீஸ், மண், சுவர்ச் சுண்ணாம்பு என்று தேடித் தின்றால் இரத்தசோகையாக இருக்கலாம்; நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டுங்கள், இலவசம்தான்.

செலவு: அரசுப் பள்ளி என்றால் நோட்டு, சீருடை, பை, கிரேயான் எல்லாம் பள்ளியிலேயே வரும். பென்சில், ரப்பர், துருவி, சிலேட்டு, ஒரு கட்டம் போட்ட நோட்டு, ஒரு நான்கு கோடு நோட்டு ஆகியவற்றை நீங்கள் வாங்க வேண்டும். எல்லாம் சேர்ந்து பருவத்துக்கு 200, 250 ரூபாய்க்குள் அடங்கும். மொத்தமாக வாங்குவதாக இருந்தால் தெருவில் நாலு வீட்டார் சேர்ந்து பாரிமுனை ஆண்டர்சன் தெருவுக்குப் போய் வாருங்கள். மண்ணடி மெட்ரோவில் இறங்கி நடந்துவிடலாம். ஒரு பிள்ளைக்கு மட்டும் வாங்க அவ்வளவு தூரம் போவது வீண். கார்ட்டூன் படம் போட்ட பென்சில் பெட்டியை வாங்கித் தராதீர்கள். வகுப்பு முழுவதும் அதைத் திறந்து மூடிக்கொண்டிருக்கும்.

இடது கையால் எழுதினால் மாற்ற முயலாதீர்கள். பெரியவர்கள் என்ன சொன்னாலும் சரி.

6. கணக்குக்குக் கேரம் காய்கள்

ராயபுரத்திலும் வண்ணாரப்பேட்டையிலும் கேரம் போர்டு இல்லாத தெருவைத் தேடத்தான் வேண்டும். ஒரு செட்டில் 9 கறுப்பு, 9 வெள்ளை, 1 சிவப்பு. ஒன்றாம் வகுப்புக் கணக்கில் பாதியை இந்த 19 காய்களிலேயே நடத்திவிடலாம். வெள்ளை ஒன்பதோடு சிவப்பைச் சேர்த்தால் பத்து. அதை ஓர் அடுக்காக அடுக்குங்கள். மீதி கறுப்பு ஒன்பது. ஓர் அடுக்கும் ஒன்பதும் பத்தொன்பது. பிள்ளை போர்டின் மூலைப் பையில் போட்டதை எண்ணட்டும், எத்தனை மீதி என்று சொல்லட்டும், அதுதான் கழித்தல். யார் எத்தனை அதிகம் போட்டார்கள் என்று கேட்டால் ஒப்பிடுதலும் வந்துவிடும்.

பத்துக்கு மேல் போகும்போது விளக்குமாற்றுக் குச்சிகளை ஒடித்துப் பத்துப் பத்தாக ரப்பர் பேண்டில் கட்டிவையுங்கள். 13க்கும் 31க்கும் இடையே பிள்ளை தடுமாறும்; எழுதிக் காட்டி விளங்கவைக்க முடியாது. ஒரு கட்டும் மூன்று குச்சியும் இங்கே, மூன்று கட்டும் ஒரு குச்சியும் அங்கே வைத்தால் தானே சிரித்துவிடும்.

விரல்விட்டு எண்ணுவதைத் தடுக்காதீர்கள். இந்த வயதுக்கு அதுதான் சரியான கருவி. நூறு வரை வாயால் ஒப்பிப்பதும், எதிரில் இருக்கும் இருபது பொருளை விடாமல் எண்ணுவதும் வேறு வேறு திறமைகள். இரண்டாவதைத்தான் சோதியுங்கள். எண்பத்தொன்பதைத் தாண்டித் தொண்ணூறுக்குப் போகும் இடத்தில் எல்லாப் பிள்ளையும் ஒருமுறை நிற்கும், அவசரப்படுத்த வேண்டாம்.

கடைக்கு அனுப்புங்கள், கூடவே நீங்களும் போங்கள். பத்து ரூபாய் கொடுத்து ஏழு ரூபாய்ப் பொருள் வாங்கி மீதி எண்ணட்டும். மீன் வாங்கும்போது ஒரு கூறில் எத்தனை இருக்கிறது என்று எண்ணிச் சொல்லட்டும். பஸ் நிறுத்தத்தில் 29சி வருகிறதா என்று பார்க்கும் பொறுப்பைப் பெரம்பூர்க்காரர்கள் பிள்ளையிடம் விட்டுவிடலாம்.

7. ஆங்கிலம் தெரியாத வீட்டில்

ஆங்கிலவழிப் பிரிவில் சேர்த்துவிட்டுப் பயந்துகொண்டிருக்கும் பெற்றோருக்கு: வீட்டில் உடைந்த ஆங்கிலத்தில் பேச வேண்டாம். தமிழில் ஒலியைப் பிரிக்கத் தெரிந்துகொண்ட பிள்ளை ஆங்கிலத்திலும் அதைச் செய்துவிடும். பாடநூலில் உள்ள க்யூஆர் குறியீட்டைக் கைபேசியில் ஸ்கேன் செய்து, பாட்டு வந்தால் கூடவே பாடுங்கள். உச்சரிப்பைப் பிள்ளை உங்களுக்குச் சொல்லிக்கொடுக்கட்டும். அதில் பிள்ளைக்கு வரும் கர்வத்தைக் கெடுக்காதீர்கள்.

8. டியூஷன் வைப்பதற்கு முன்

எங்கள் தெருவில் ஒன்றாம் வகுப்புக்கு மாதம் 300 முதல் 600 ரூபாய் வரை கேட்கிறார்கள். பதினைந்து இருபது பிள்ளைகள் ஒரே கூடத்தில், எல்லா வகுப்பும் கலந்து உட்கார்ந்திருப்பார்கள். அங்கே ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்குக் கிடைப்பது ‘இதைப் பார்த்து எழுது’ என்பதுதான். வேலைக்குப் போகும் அம்மாவுக்கு அது பாதுகாப்பான இடம் என்றால் அனுப்புங்கள், அதில் தவறில்லை. படிப்புக்காக என்றால் வேண்டாம் என்பதே என் கருத்து. அந்தப் பணத்தில் மாதம் நாலைந்து படக்கதைகள் வாங்கலாம்.

ஏராளமாக வீட்டுப்பாடம் வருகிறது, அதனால்தான் டியூஷன் என்று சொல்கிறவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். 1, 2ஆம் வகுப்புகளுக்கு வீட்டுப்பாடம் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2018 மே மாதம் கூறியது. அதே ஆண்டு நவம்பரில் மத்திய மனிதவள மேம்பாட்டு அமைச்சகம் அனுப்பிய சுற்றறிக்கையும் அதையே சொன்னதோடு, இந்த இரு வகுப்புகளுக்கும் புத்தகப் பையின் எடை 1.5 கிலோவைத் தாண்டக் கூடாது என்றது. பை கனமாக இருந்தால் எடை போட்டுப் பாருங்கள். பழைய இரும்புக் கடைக்காரர் தராசில் வைத்தால் அரை நிமிட வேலை. சில தனியார் பள்ளிகளில் வீட்டுப்பாடம் தராவிட்டால் பெற்றோரே சண்டைக்குப் போகிறார்கள் என்பதையும் சொல்ல வேண்டியிருக்கிறது.

9. கண், காது, காலை உணவு

கரும்பலகையைப் பார்த்துத் தப்பாக எழுதுகிறது, ஆனால் பக்கத்தில் வைத்துக் காட்டினால் சரியாக எழுதுகிறது என்றால் கண்ணைச் சோதியுங்கள். கூப்பிட்டால் திரும்பவில்லை, அடிக்கடி சளி பிடிக்கிறது, காதில் சீழ் வருகிறது என்றால் காதைச் சோதியுங்கள். ‘கவனமே இல்லை’ என்று திட்டு வாங்கும் பிள்ளைகளில் சிலருக்குச் சிக்கல் இங்கேதான் இருக்கிறது. பள்ளிக்கே மருத்துவக் குழு வருவதுண்டு. அந்த நாளில் பிள்ளையை விடுப்பில் வைக்காதீர்கள். கண்ணுக்கு எழும்பூர் அரசுக் கண் மருத்துவமனை, மற்றவற்றுக்கு ஸ்டான்லி அரசு மருத்துவமனை. புறநோயாளிச் சீட்டுக்குக் காலை எட்டு மணிக்கு முன்பே போய்விட வேண்டும். ஆதார் நகலும் பழைய மருந்துச் சீட்டும் கையில் இருக்கட்டும்.

அரசுப் பள்ளியில் 1 முதல் 5ஆம் வகுப்பு வரை காலை உணவு உண்டு. வகுப்பு தொடங்குவதற்கு முன்பே பரிமாறி முடித்துவிடுவார்கள். கொருக்குப்பேட்டை ரயில்வே கேட் மூடியிருந்தது, எண்ணூர் சாலையில் கண்டெய்னர் லாரி வரிசை நின்றது என்று தாமதமாகப் போனால் அந்தப் பொங்கலும் போகும், காலைக் கதை நேரமும் போகும். கேட்டைக் கடக்க வேண்டியவர்கள் இருபது நிமிடம் முன்னதாகவே கிளம்புங்கள்.

10. மழையும் விடுப்பும்

நவம்பர், டிசம்பரில் புத்தகப் பையைத் தரையில் வைக்காதீர்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது தண்ணீர் வந்த தெருக்களில் இருந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பிறப்புச் சான்றிதழ், ஆதார், புத்தகங்கள் எல்லாம் பிளாஸ்டிக் உறையில் கட்டிப் பரண் மேல் இருக்கட்டும். பள்ளி விடுமுறை என்றாலும் வாசிப்பை நிறுத்த வேண்டாம். மின்சாரம் போன மாலைகள்தான் கதைக்கு ஏற்றவை.

ஊர்த் திருவிழா, சொந்தக்காரர் கல்யாணம் என்று ஒரு வாரம் விடுப்பு எடுத்தால் ஆசிரியரிடம் முன்பே சொல்லி, அந்த வாரத்துக்கான எழுத்தையும் பயிற்சி நூல் பக்கத்தையும் கேட்டு வாங்கிக்கொண்டு போங்கள். ஜனவரியில் எடுக்கும் விடுப்பில் மட்டும் கொஞ்சம் யோசியுங்கள். மூன்றாம் பருவத்தில்தான் எழுத்துகள் சொற்றொடராக மாறுகின்றன. அங்கே விட்டதைப் பிடிக்க ஒரு மாதம் ஆகிறது.

ஏப்ரலில் மூன்றாம் பருவம் முடிந்ததும் பாடநூல்களையும் பயிற்சி நூல்களையும் பழைய பேப்பர் கடைக்குப் போட்டுவிடாதீர்கள். இரண்டாம் வகுப்பு ஜூனில் பழைய பாடங்களைத் திருப்பிப் பார்ப்பதிலிருந்துதான் தொடங்கும். ஜூலை வரைக்கும் வைத்திருந்து, பிறகு அடுத்த ஆண்டு ஒன்றாம் வகுப்புக்கு வரும் தெருப் பிள்ளைக்கு நாள்காட்டித் தாள் அட்டைகளோடு சேர்த்துக் கொடுத்துவிடலாம்.